கோல் வலையில் எங்க ஊர் முடிச்சு

எங்கள் ஊர்க்காரர்கள் அந்த நடுவரைத் தூக்கியது அடிப்பதற்காக இல்லை. சந்தோஷத்தில் தூக்கினார்கள். இதைச் சிதம்பரத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவரும் நம்பவில்லை.

கடலூர் பழைய துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிற மீனவ கிராமம் எங்களுடையது. சுனாமிக்கு அடுத்த வருஷம் நிவாரணத்துக்கு வந்தவர்கள் பாய், பக்கெட், அரிசியோடு நாலு கால்பந்துகளையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கெட்டெல்லாம் உடைந்துவிட்டது, பந்து மட்டும் ஊரைப் பிடித்துக்கொண்டது. மணலில் இரண்டு பக்கமும் துடுப்பை நட்டால் அதுதான் கோல். எல்லைக்கோடு என்று ஒன்று கிடையாது. வேடிக்கை பார்ப்பவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே ஆட்டம் முடிகிறது. கோல் விழுந்தால் அத்தனை பேரும் உள்ளே ஓடுவோம். படகு கரைக்கு வந்தால் யாருடைய படகு என்று பார்க்காமல் ஓடிப்போய்த் தோள் கொடுப்பதில்லையா, அதே ஓட்டம்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கால் தானாகப் போகும்.

அந்தப் பழக்கத்தோடுதான் முதல் வருஷம் சிதம்பரத்தில் நடந்த பொங்கல் கால்பந்துப் போட்டிக்குப் போனார்கள். எங்கள் அணி ஒரு கோல் போட்டது. நாற்பது பேர் உள்ளே ஓடினார்கள். கோல் போட்டவனைத் தூக்கினார்கள். பக்கத்தில் நின்ற நடுவரையும், விசில் ஊதிக் கோல் கொடுத்த நல்ல மனுஷன் என்று, சேர்த்துத் தூக்கினார்கள். அவர் பயத்தில் கத்தியதை அவர்கள் மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு இன்னும் உயரத் தூக்கினார்கள். இறக்கிவிட்டபோது அவருடைய விசில் காணாமல் போயிருந்தது.

அடுத்த வருஷம், 2009இல், போட்டிக் கமிட்டி எங்கள் அணிக்கு ஒரு நிபந்தனை போட்டது. ஆட்டக்காரர்கள் வரலாம், ஆதரவாளர்கள் ஒருவரும் வரக் கூடாது.

நான் அப்போது சிதம்பரத்தில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். கல்லூரி மாணவன் என்பதால் கமிட்டியில் என்னைத் தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்டார்கள். கழுத்தில் ஒரு அடையாள அட்டை. ஆகவே மைதானத்துக்குள் எங்கள் ஊரிலிருந்து ஆட்டக்காரர்களைத் தவிர இருந்தவன் நான் ஒருவன்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என் மாமாவுக்கு, அம்மாவின் அண்ணனுக்கு, போன் போட்டு நடப்பதைச் சொல்வேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு சில்வர் குடத்துக்குள் வைத்துவிடுவாராம். சத்தம் பெரிதாகக் கேட்குமாம். குடத்தைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும். அரை இறுதியில் எங்கள் கோல்கீப்பர், மாமாவின் மகன், என் மச்சான், ஒரு பெனால்டியைப் பாய்ந்து தடுத்த நேரத்தில் என் போனில் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது. தடுத்தானா விட்டானா என்று தெரியாமல் குடத்தைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள்.

தடுத்தான். நாங்கள் இறுதிப் போட்டிக்குள் நுழைந்தோம், சிதம்பரம் அணிக்கு எதிராக.

மறுநாள் மாமா போன் செய்தார். "மாப்ள, பைனலுக்கும் கொடத்துக்குள்ளயே கேக்கணுமா நாங்க? பெத்த புள்ள கோல்ல நிக்கறான். நேர்ல பாக்க வேணாமா?"

கமிட்டிச் செயலாளரிடம் போய் நின்றேன். அவர் பந்தோபஸ்துக்கு வரவிருந்த எஸ்.ஐ.யைக் கைகாட்டினார். எஸ்.ஐ. யோசித்தார். பிறகு, பொறுப்பான ஆள் ஒருவர் எழுதிக் கொடுத்தால் விடலாம் என்றார். எழுத வேண்டியது இதுதான். எங்கள் ஊர் ஆதரவாளர்களில் ஒருவர் கூட, அவர்களுக்கு முன்னால் கட்டும் தடுப்புக் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் வர மாட்டார். வந்தால் ஆட்டம் எதிரணிக்குக் கொடுக்கப்படும், எங்கள் அணி மூன்று வருஷத்துக்கு இந்தப் போட்டியில் ஆட முடியாது.

"பொறுப்பான ஆள் யாரு?" என்றார் எஸ்.ஐ.

"நான்தான் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அப்போது மீசை கூட ஒழுங்காக வரவில்லை. ஆனாலும் எழுதினேன். முப்பத்தெட்டுப் பேரின் பட்டியலையும் இணைத்தேன். ஊரில் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் அடியில் அவர்களுடைய கைநாட்டோ கையெழுத்தோ இருக்கும். என் பெயரைப் போட்டு ஊருக்காக நின்றது அதுதான் முதல் தடவை. மணலில் ஆடிய பையன்களுக்குப் புல்தரையும் வலை கட்டிய கோலும் கிடைத்தது இந்த ஒரு போட்டியில்தான். அது என் கையெழுத்தால் போய்விட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மீன் ஏலக்கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துக் கமிட்டி கொடுத்த விதிகளை வாசித்தேன். கம்பு கூடாது, கண்ணாடி பாட்டில் கூடாது, பட்டாசு கூடாது, கத்தி முதலான கூர்மையான பொருள்கள் கூடாது, குடித்துவிட்டு வரக் கூடாது.

"பீடி?" என்றார் ஒருவர்.

"பீடி பத்தி எழுதல."

"அப்ப பீடி ஓகே. எழுதிக்க."

"கொடைக்குக் கம்பு இருக்குதே?"

"ஜனவரி மாசத்துல எதுக்கு மாமா கொடை?"

"வெயிலுக்குடா. ஒனக்கென்ன, நீ நெழல்ல படிக்கறவன்."

என் அத்தை, மாமாவின் மனைவி, மீன் கூடையின் மேல் உட்கார்ந்திருந்தார். "கத்தக் கூடாதுன்னு போட்டிருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அது போதும்," என்றார். அத்தை கத்தினால் நடுக்கடலில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

கடைசியாகக் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். கோல் விழுந்தாலும் ஓடக் கூடாது. எல்லோரும் சரி சரி என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும், ரேஷன் கடைக்காரர் சொல்வதற்கும் அப்படித்தான் ஆட்டுவார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் அதை நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன்.

"மாமா, எல்லாரும் கரையில நின்னு கரைவலை இழுக்கும்போது நடுவுல கயிற உட்டுட்டு ஓடுவீங்களா?"

"எவன் உடுவான்? உட்டா வலையே போயிடும்."

"அப்ப நாளைக்கு மைதானத்துலயும் அந்தத் தடுப்புக் கயிற ரெண்டு கையாலயும் புடிச்சிக்குங்க. ஆட்டம் முடியற வரைக்கும் உடாதீங்க. கயிறு கையில இருந்தா காலு ஓடாது."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காலேஜுல இதெல்லாமா சொல்லித் தராங்க?" என்றார். ஆனால் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மீன் ஏற்றுகிற ஐஸ் லாரியில் புறப்பட்டோம். நன்றாகக் கழுவியதாகத்தான் சொன்னார்கள். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போகும்போது வழக்கமான ரசாயன வாடை வந்தது. ரோட்டோர டீக்கடையில் நின்றவர்கள் எங்கள் லாரியைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். "சிப்காட்டுல குடியிருந்துகினு நம்மளப் பாத்து மூக்கப் பொத்தறான் பாரு," என்றார் அத்தை. லாரியே சிரித்தது. ஆட்டக்காரர்கள் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். மகன் கோலில் நிற்கப்போகிற நினைப்பில் ஆலப்பாக்கம் வரைக்கும் மாமாவின் விரல்கள் லாரிப் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தன.

மைதானத்தில் வெளியூர் ஆதரவாளர்களுக்குத் தனி வாசல். வடக்கு கோலுக்குப் பின்னால் சவுக்குக் கம்புகளை நட்டு, நைலான் கயிறு கட்டி எங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வாசலில் எஸ்.ஐ.யும் மூன்று போலீசும் நின்று ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்கள். நான் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பட்டியலோடு பக்கத்தில் நின்றேன்.

முதல் ஆளின் இடுப்பில் கத்தி.

இரண்டாவது ஆள், கத்தி. மூன்றாவது, கத்தி. எஸ்.ஐ.யின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "தம்பி, இன்னா இது? பைனல் பாக்க வந்தீங்களா, இல்ல வேற எதுக்குமா?"

முந்தின நாள்தானே கத்தி கூடாது என்று வாசித்தேன்! மாமாவிடம் ஓடினேன். அவர் தன் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார், அது அங்கே இருப்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி.

"இது கத்தியா மாப்ள? இது கயிறு அறுக்கறது. நீ கத்தின்னு சொன்னதும் நான் வெட்டுக்கத்தின்னுல்ல நெனச்சேன்."

முப்பத்தெட்டுப் பேரில் ஆண்கள் இருபத்தேழு. இருபத்தாறு கத்திகள் கிடைத்தன. கத்தி இல்லாத ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். அதோடு முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து பட்டையான, முனை கூரான, நடுவில் நாக்கு மாதிரி துருத்திக்கொண்டு, நைலான் நூல் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் சாமானைப் போலீஸ்காரர் உருவினார்.

"இது இன்னா?"

"ஊசி சார். வலை கட்றது."

"மேட்ச்சுக்கு எதுக்கு ஊசி?"

"சும்மா ஒக்காரும்போது கையி என்னா பண்ணும் சார்?"

ஊசிகள் ஒன்பது. கூர்மையான பொருள் என்ற கணக்கில் அவையும் பறிமுதல். எல்லாவற்றையும் லாரியிலிருந்து எடுத்து வந்த ஒரு நீலக் கூடையில் போட்டு எஸ்.ஐ.யின் நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள். எந்தக் கத்தி யாருடையது என்று துண்டுச்சீட்டு எழுதிக் கட்டலாம் என்று நான் சொன்னேன். மாமா சிரித்தார். "பிடியப் பாத்தா தெரியாதா? உன் செருப்புக்குச் சீட்டு கட்டித்தான் வச்சிருக்கியா?"

அந்தப் பக்கம் பெண் போலீஸ் அத்தையின் தூக்குச்சட்டியைத் திறக்கச் சொன்னார். வறுத்த நெத்திலி. வாசனை வாசல் முழுக்கப் பரவியது.

"இதுல கூர்மையானது ஒன்னும் இல்லையே?" என்று பெண் போலீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"முள்ளு இருக்கும் கண்ணு. தின்னு பாத்துட்டுச் சொல்லு."

தின்று பார்த்தார். மற்ற இரண்டு போலீசும் தின்று பார்த்தார்கள். எஸ்.ஐ. வேண்டாம் என்றார். பிறகு ஒன்று எடுத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கும்போது மைதானத்தின் மூன்று பக்கமும் சிதம்பரத்துக்காரர்கள். கல்லூரிப் பையன்கள் மட்டும் பல நூறு பேர் இருப்பார்கள். டிரம், பீப்பி, காகித மழை. நாலாவது பக்கத்தில், கோலுக்குப் பின்னால், எங்கள் முப்பத்தெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்துப் பையன்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"ஏய், பஸ்ஸுல கம்பி புடிச்ச மாதிரி ஒக்காந்திருக்காங்கடா! டிக்கெட் எடுத்தீங்களா?"

அத்தை எழுந்தார். "எடுத்துட்டோம்! கப்பு எடுக்க வந்திருக்கோம், ஓரமா நில்லு!" என்றார். மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. சிதம்பரத்துப் பையன்களே கைதட்டினார்கள்.

முதல் பாதியில் நாங்கள் வடக்கு கோலை நோக்கி ஆடினோம், அதாவது எங்கள் ஆட்களின் மூக்குக்கு முன்னால். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். எங்கள் முன்கள ஆட்டக்காரன் இடது ஓரத்திலிருந்து ஒரு அடி அடித்தான். பந்து கம்பத்துக்கு உள்ளே, கீழ் மூலையில் போனது. போனதை முப்பத்தெட்டுப் பேரும் பார்த்தார்கள். ஆனால் பந்து வலையில் நிற்கவில்லை. வலையில் அந்த மூலையில் ஒரு ஓட்டை, யாரோ சாக்குத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தது அவிழ்ந்துவிட்டது. பந்து ஓட்டை வழியே வெளியே வந்து, கயிற்றுக்கு அடியில் உருண்டு, நேராக அத்தையின் மடியில் ஏறியது.

நடுவர் தூரத்தில் இருந்தார். அவருக்குத் தெரிந்தது கோலுக்குப் பின்னால் கிடக்கும் பந்து மட்டும்தான். கையை நீட்டி, கோல் இல்லை, கோல் கிக் என்றார்.

ஓடப்போகிறார்கள். பந்து கோலுக்குள் போனதே, கோல் கொடுக்கவில்லையே, இரண்டு காரணமும் சேர்ந்து ஓடப்போகிறார்கள் என்று நினைத்தேன். பக்கவாட்டில் நின்றிருந்த நான் கத்தினேன், "கயிற உடாதீங்க! மாமா, கயிறு!"

விடவில்லை. ஒருவர் கூட விடவில்லை. எழுந்து நின்று, காலை ஊன்றி, ஆத்திரம் அத்தனையையும் கையில் கொண்டுவந்து, கரைவலையை இழுப்பது மாதிரி ஒரே மூச்சில் இழுத்தார்கள். "ஏலேலோ" என்று ஒரு குரல், "ஐலசா" என்று முப்பது குரல். சவுக்குக் கம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல் பிடுங்குவது போலப் பிடுங்கிக்கொண்டு வந்தன. இரண்டாவது இழுப்பில் மொத்த வேலியும் அவர்கள் காலடியில் கிடந்தது.

சிதம்பரத்து டிரம் கூட நின்றுவிட்டது.

செயலாளர் ஓடி வந்தார். பின்னாலேயே எஸ்.ஐ. வந்தார். "முடிஞ்சது! எழுதிக் குடுத்ததுதான? ஆட்டம் எங்களுக்கு!" என்றார் செயலாளர்.

நான் குறுக்கே போய் நின்றேன். "சார், யாருமே தாண்டல சார். பாருங்க, எல்லாரும் நின்ன எடத்துலயேதான் நிக்கறாங்க. கயிறுதான் இந்தப் பக்கம் வந்திருக்குது."

எஸ்.ஐ. கம்பு நட்டிருந்த குழிகளைப் பார்த்தார். முப்பத்தெட்டு ஜோடிக் கால்களைப் பார்த்தார். குழிகளுக்கும் கால்களுக்கும் நடுவே நாலடி இருந்தது. சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். படித்து முடித்தபோது அவருடைய மீசைக்கு அடியில் ஏதோ ஓடியது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"உள்ள யாரும் வரலயே," என்றார் செயலாளரிடம். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "புடுங்குனவங்களே நடணும். அந்தப் பக்கம் நின்னுகினே நடணும். ஒரு காலு இந்தப் பக்கம் வந்துச்சின்னா நான் ஊதிடுவேன்."

கம்பை நட்டார்கள். நிலத்தில் கம்பு ஊன்றுவதை எங்கள் ஆட்களுக்கா சொல்லித் தர வேண்டும்? முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு ஆழமாக இறங்கியது.

நடுவர் வந்து வலையைப் பார்த்தார். ஓட்டை இருப்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் கண்ணால் பார்க்காததற்கு விசில் ஊத முடியாது, அது கோல் கிக்தான், வலையைச் சரி செய்யாமல் ஆட்டம் தொடராது என்று சொல்லிவிட்டார். கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் கயிற்றோடு வந்து ஓட்டையைக் கொத்தாகச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்கள்.

இப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கோல் கொடுக்காததைக் கூடப் பொறுத்துக்கொண்டவர்களால் அந்த முடிச்சைப் பொறுக்க முடியவில்லை. மூன்று கஜ தூரத்தில், கண்ணெதிரே, ஒரு வலையை அப்படிக் கட்டினால் எங்கள் ஊரில் எவனால் சும்மா இருக்க முடியும்?

"தம்பி, அது இன்னா முடிச்சு? ஆட்டுக்கா கட்றீங்க?"

"ஐயோ, அந்த வலைக்கண்ண இழுக்காதப்பா, பக்கத்துக் கண்ணும் போயிடும்!"

"நிக்காது. எழுதித் தரேன், நிக்காது."

பந்தை வைத்துப் பார்த்தார்கள். நிற்கவில்லை. இன்னும் இரண்டு கண்ணி அறுந்து ஓட்டை பெரிதானதுதான் மிச்சம். மாமா கயிற்றை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்தபடியே எஸ்.ஐ.யைக் கும்பிட்டார். "ஐயா, பத்து நிமிசம். நாங்க நாலு பேரு வந்து கட்டிட்டுப் போயிடறோம். கோலு வேணாம் ஐயா. அந்த வலை அப்படிக் கெடக்கறத பாக்க முடியல."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "தம்பி, ஒருத்தர்கூடத் தாண்டக் கூடாதுன்னு நீதான எழுதியிருக்க. இப்ப நாலு பேரத் தாண்டவிட்டா செயலாளர் சும்மா இருப்பாரா?"

உண்மைதான். மாமா கூப்பிடுகிறார், என் கையெழுத்து தடுக்கிறது. எஸ்.ஐ.யிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். வைத்து எழுத மேசை இல்லை, அதனால் கோல் கம்பத்தில் தாளை வைத்து, கையெழுத்துக்கு மேலே இருந்த சின்ன இடத்தில் இப்படி எழுதினேன்: "கோல் வலையைச் சரிசெய்ய அனுமதிக்கப்படும் நான்கு பேர் தவிர." கமிட்டியும் எஸ்.ஐ.யும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். செயலாளர் போடும்போது, "ஆட்டம் இருட்டறதுக்குள்ள முடியணும்" என்று முணுமுணுத்தார்.

நாற்காலிக்கு அடியில் இருந்த நீலக் கூடை வந்தது. பறிமுதல் செய்த போலீஸ்காரரே ஊசியையும் கத்தியையும் எடுத்துக் கொடுத்தார். மாமாவும் மூன்று பேரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைத் தாண்டினார்கள். ஏன் செருப்பைக் கழற்றினார்கள் என்று தெரியாது. புல்லைப் பார்த்ததும் கழற்றினார்கள்.

அறுந்த நுனிகளை முதலில் வெட்டி ஓட்டையை இன்னும் பெரிதாக்கினார்கள். செயலாளர் பதறினார். "கிழிஞ்சத வெட்டாம எப்படி சார் கட்றது?" என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல். பிறகு நான்கு ஊசிகளும் ஓட ஆரம்பித்தன. இரண்டு விரலை அளவுக்கு வைத்து, சுற்றி, உள்ளே விட்டு, இழுத்து, ஒரு கண்; அடுத்தது. சிதம்பரத்துப் பையன்கள் அந்தப் பக்கமிருந்து எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவன் டிரம்மில் ஊசியின் வேகத்துக்குத் தாளம் போட்டான். முடிந்ததும் மாமா முழு பலத்தோடு பந்தைக் கையால் வலைக்குள் எறிந்தார். வலை உப்பி, பந்தை ஏந்தி, மெதுவாகக் கீழே இறக்கியது. மைதானமே கைதட்டியது. அன்றைய ஆட்டத்தில் இரண்டு ஊரும் சேர்ந்து தட்டியது அதற்குத்தான். நால்வரும் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடக்கு கோலில் இப்போது நிற்பது மச்சான். அப்பா கட்டிய வலைக்கு முன்னால் மகன்.

அவன் நன்றாகத்தான் ஆடினான். மூன்று முறை பாய்ந்து தடுத்தான். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து அத்தை, "என் ராசா!" என்று கத்துவார். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான், காது மட்டும் சிவக்கும். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிதம்பரத்தின் ஏழாம் எண்காரன் தூரத்திலிருந்து ஒரு அடி அடித்தான். மச்சான் பாய்ந்தான். விரல் நுனியில் பட்டது. பட்டும் பந்து உள்ளே போனது. கீழ் மூலை. ஓட்டை இருந்த அதே மூலை.

ஓட்டை இருந்திருந்தால் பந்து வெளியே வந்திருக்கும். நடுவர் மறுபடியும் தூரத்தில்தான் இருந்தார். ஆனால் வலை உப்பியது, பந்தை ஏந்தியது, எல்லோரும் பார்க்கும்படி ஒரு நொடி பிடித்து வைத்திருந்தது. விசில் நீளமாக ஒலித்தது. மூன்று பக்கமும் வெடித்தது.

நான் எங்கள் பக்கத்தைத்தான் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்புகள் அசையவில்லை. மச்சான் புல்லில் குப்புறக் கிடந்தான். மெல்லத் தலையைத் தூக்கி, கம்பிக்குள் மாட்டியவன் போல வலைக்குப் பின்னால் இருந்த அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா," என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

மாமா ஒரு கையை மட்டும் கயிற்றிலிருந்து எடுத்து அந்த மூலையைக் காட்டினார்.

"பாத்தியாடா? நீ உட்ட. என் வல உடல."

பிறகு அத்தைதான் முதலில் சிரித்தார். கயிறு முழுக்கச் சிரிப்பு ஓடியது. கம்புகள் ஆடின, ஆனால் ஆழமாக நட்டவை, நின்றன. மச்சான் எழுந்து பந்தை வலையிலிருந்து எடுத்து நடுவுக்கு உதைத்தபோது அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம். கோப்பை வாங்கிய சிதம்பரம் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வரும்போது எங்கள் கயிற்றுக்கு முன்னால் நின்று வலையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கிண்டல்தான், ஆனால் நல்ல கிண்டல். அத்தை மீதியிருந்த நெத்திலியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். கயிற்றைத் தாண்டாமல், கையை மட்டும் நீட்டி.

வாசலில் நீலக் கூடையைக் கொட்டினார்கள். யார் கத்தி எது என்று ஒரு சந்தேகமும் வரவில்லை. அரை நிமிஷத்தில் கூடை காலி. எஸ்.ஐ. என் கடிதத்தை நீட்டினார். "ஒன்னும் நடக்கல. இத வச்சி நான் என்னா பண்ணப்போறேன், நீயே வச்சிக்க," என்றார். செயலாளர் என்னைத் தனியாக அழைத்து, தெற்கு கோல் வலையும் கொஞ்சம் பழசுதான், அடுத்த வருஷம் உங்க ஆளுங்க ஒரு நாள் முன்னாடியே வர முடியுமா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பதில் எனக்குத் தெரியும்.

திரும்பும்போது ஆட்டக்காரர்களும் லாரியில் ஏறிக்கொண்டார்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் மாமா சொன்னார், "மாப்ள, அந்தக் கடுதாசிய எடு. கம்பத்துல வச்சி இன்னாவோ எழுதனியே, படி."

லாரி குலுக்கலில் நின்றுகொண்டு வாசித்தேன். முதலிலிருந்து வாசித்தேன். "கோல் வலையைச் சரிசெய்ய அனுமதிக்கப்படும் நான்கு பேர் தவிர" என்ற இடம் வந்ததும் மாமா கையைத் தூக்கினார். "அங்க இன்னொரு வாட்டி." வாசித்தேன். தாண்டிய மற்ற மூன்று பேரும் தங்கள் காதால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றார்கள். அவர்களுக்காகவும் வாசித்தேன். அத்தை, "அப்ப முப்பத்திநாலு பேரு தாண்டல, அதையும் எழுதியிருக்கணும்" என்றார்.

மூலையில் ஐஸ் பெட்டிமேல் சாய்ந்திருந்த மச்சான் கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

"நான் கோலு உட்டத எழுதனியா?"

"இல்ல மச்சான்."

"அப்ப சரி," என்றான். திரும்பிப் படுத்துக்கொண்டான்.